மகனுக்குப் பெயர் வைக்கிறீர்களா? வீட்டில் கூப்பிடும் பெயரிலிருந்து தொடங்குங்கள்

என் மூத்த மகன் எல்கேஜியில் சேர்ந்த இரண்டாவது வாரம், அவனுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று டாக்டரிடம் காட்டச் சொல்லி ஆசிரியை குறிப்பு எழுதி அனுப்பினார். வருகைப் பதிவேட்டில் உள்ள பெயரைச் சொல்லி எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லையாம். காது நன்றாகவே கேட்டது. அது தன் பெயர் என்பதுதான் பையனுக்குத் தெரியாது. பிறந்த நாள் முதல் எங்களுக்கு அவன் 'அப்பு'. கவினேஷ் என்பவன் பிறப்புச் சான்றிதழில் மட்டும் குடியிருந்த வேறு யாரோ.

அந்தச் சான்றிதழுக்காக அலைந்த அலைச்சலும் கொஞ்சமல்ல. மூன்றரை வருடம் பெயர்க் கட்டம் காலி. தகப்பன் பெயரும் தப்பு. பனியன் கம்பெனியில் நான்கு நாள் சம்பளம் போயிற்று. இரண்டாவது மகன் பிறந்தபோது எல்லாவற்றையும் வேறு வரிசையில் செய்தோம். பிறந்த 19-ஆம் நாள் பெயரோடு சான்றிதழ் வந்துவிட்டது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் காங்கேயம் பக்கத்துக்காரன் என்பதால் உதாரணங்கள் எங்கள் பக்கத்தவை.

1. குழந்தை பிறக்கும் முன்: உங்கள் பெயர்களைச் சரிபாருங்கள்

மகன் பெயரைப் பற்றி யோசிக்கும் முன் தாய், தகப்பன் இருவரின் ஆதார் அட்டைகளையும் எடுத்துப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் ஒரே மனிதர் ரேஷன் கார்டில் பழனிசாமி, பட்டாவில் பழனிச்சாமி, ஆதாரில் பழனிசுவாமி என்று மூன்று அவதாரம் எடுத்திருப்பார். குழந்தையின் சான்றிதழில் தகப்பன் பெயர் எப்படி ஏறுகிறதோ, அதுதான் பின்னால் மகனுக்கு முன்னெழுத்தாகவும் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராகவும் வந்து நிற்கும். ஒற்று மிகுமா மிகாதா என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் கிராம சுகாதாரச் செவிலியர் 12 இலக்க எண் ஒன்று தருவார். பிக்மி எண் என்பார்கள். தமிழ்நாட்டில் இந்த எண் இல்லாமல் பிறப்புப் பதிவு நகராது. தனியார் மருத்துவமனையில்தான் எல்லாம் பார்க்கிறோம், எதற்கு என்று விட்டுவிடாதீர்கள்.

எங்களுக்கு அடி விழுந்த இடம் பிரசவத்துக்குச் சேர்த்த இரவு. தலைப்பிரசவம் என்பதால் மனைவி அம்மா வீட்டில் இருந்தாள். மருத்துவமனைக்குக் கூட்டிப் போனவர் என் மாமனார். கணவர் பெயர் என்ன என்று கேட்டதும், அந்தப் பதற்றத்தில் அவர் வாயில் வந்தது 'மணி'. ஆதாரில் நான் சுப்பிரமணியம். மருத்துவமனை என்ன விவரத்தை அனுப்புகிறதோ அதுவே பதிவுக்கு மூலம். ஆகவே இரண்டு ஆதார் நகல்களையும் பிக்மி எண்ணையும் ஒரு கவரில் போட்டு, பிரசவப் பையின் மேலேயே வைத்துவிடுங்கள். 'வாயால் சொல்ல வேண்டாம், கவரைக் கொடுங்கள்' என்று அப்புச்சியிடமும் அம்முச்சியிடமும் (அம்மா வழித் தாத்தா பாட்டியிடம்) சொல்லி வையுங்கள்.

2. கூப்பிடும் பெயரை முதலில் எடுங்கள்

எல்லாரும் சான்றிதழுக்கு ஒரு நல்ல பெயரைத் தேடி எடுத்து வைத்துவிட்டு, கூப்பிடும் பெயரை விதியின் கையில் விட்டுவிடுகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் ஊர்வழக்கில் ஜெயிப்பது எப்போதும் கூப்பிடும் பெயர். இங்கேயே மேலப்பாளையத்தில் தீர்த்தகிரியாகப் பிறந்தவர், 1805-இல் சங்ககிரியில் தூக்கில் ஏறியபோது ஊருக்குத் தீரன் சின்னமலை. இன்றைக்குத் தீர்த்தகிரி என்று சொன்னால் யாரென்று கேட்பவர்களே அதிகம்.

நீங்கள் ஒரு செல்லப்பெயர் தராவிட்டால் ஊர் தந்துவிடும். ஊர் பெயரைச் சுருக்கும் விதம் ஓரளவு முன்கூட்டியே தெரிந்ததுதான். நீளமான பெயர் என்றால் முன்பாதி அல்லது பின்பாதி நிற்கும்: சுப்பிரமணி சுப்பு ஆவான், இல்லையென்றால் மணி. நாச்சிமுத்து நாச்சியோ முத்துவோ ஆவான். ராமசாமிக்கு ராமு, கிருஷ்ணசாமிக்குக் கிட்டு. 'சாமி'யில் முடியும் பெயரில் மட்டும் பின்பாதி தனியாக நிற்காது. எங்கள் ஊரில் எல்லாக் குழந்தைக்கும் 'சாமி'தானே! 'வா சாமி, சாப்பிடு சாமி' என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூப்பிடுகிறோம். கண்ணு, ராசா, தம்பி ஆகியவையும் அப்படியே. இவற்றைச் செல்லப்பெயராகக் கணக்கில் எடுக்காதீர்கள். மூன்று வயதுக்கு மேல் அந்தப் பெயரால் கூப்பிட்டால் தெருவில் பத்துப் பேர் திரும்புவார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். இரண்டு அல்லது மூன்று எழுத்தில் வாய்க்கு வசதியான ஒரு பெயரை முதலில் முடிவு செய்யுங்கள். பதிவுப் பெயரின் ஏதாவது ஒரு துண்டாக அது இருக்க வேண்டும். கதிர் என்று கூப்பிட ஆசை என்றால் பதிவில் கதிரவனோ கதிர்வேலோ. வேலு என்றால் தங்கவேல், செங்கோட்டுவேலன். அதியன் பிடித்திருந்தால் அதியமான்; தகடூர்க்காரர் (இன்றைய தருமபுரி), நம் பக்கத்து ஆள்தான். கூப்பிடும் பெயர் 'சின்னு', பதிவில் 'ஹரிபிரசாத்' என்று இரண்டுக்கும் ஒட்டுறவு இல்லாமல் வைத்தால் எங்கள் அப்புவின் கதைதான்.

3. அப்பாரு (அப்பாவின் அப்பா) பெயர்: இதைத் தள்ளிப்போடாதீர்கள்

பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது என்பார்கள். தலைப்பிள்ளைக்கு அப்பாருவின் பெயரை வைப்பது எங்கள் பக்கத்தில் எழுதப்படாத சட்டம். சிக்கல் இரண்டு இடத்தில் வரும்.

ஒன்று, பெயரின் பழைமை. குப்புசாமி, நஞ்சப்பன், மாரப்பன் என்றெல்லாம் கேட்டவுடன் இளம் தாய்மார்கள் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். குழந்தைகள் தங்காத வீட்டில், பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டில் போட்டுப் பிறகு எடுத்துக் குப்பன் என்று பெயர் வைத்த காலம் போய்விட்டது. ஆனாலும் அந்தப் பெயரைச் சுமந்தவர் உயிரோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் காதுபட 'பட்டிக்காட்டுப் பெயர்' என்று சொல்லிவிடாதீர்கள்.

இரண்டு, நாக்கு. மாமனார் பெயரை மருமகள் சொல்லமாட்டாள்; கணவன் பெயரை அப்பத்தா சொல்லமாட்டார். பிள்ளையைத் திட்டவும் முடியாது. அந்த இடத்தில்தான் சம்பந்தமே இல்லாத ஒரு செல்லப்பெயர் உள்ளே நுழையும்.

இதற்கு வழிகள் உண்டு. பெயரை முழுதாக வைக்காமல் வேரை மட்டும் எடுக்கலாம். பழனிசாமிக்குப் பேரன் பழனிவேல் ஆகலாம். மருதாசலத்துக்கு மருதன், பொன்னுசாமிக்குப் பொன்னர். நல்லசாமியின் பேரனுக்கு நல்லசிவம். அல்லது அந்தப் பெயருக்குரிய சாமியின் இன்னொரு பெயரை எடுக்கலாம்: சென்னிமலை, சிவன்மலை, பழனி, மருதமலை எல்லாம் முருகன்தான், அவனுக்குப் பெயருக்கா பஞ்சம்? என் அப்பா பெயர் சென்னியப்பன். இரண்டாவது மகனுக்கு இளஞ்சென்னி என்று வைத்தோம், கூப்பிட 'சென்னி'. பழந்தமிழ்ப் பெயரைப் போலவும் இருக்கிறது, அப்பாருவும் உள்ளே இருக்கிறார். என் மனைவிதான் 'எப்படி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன்' என்று தயங்கினாள். அப்பாவே வெளியே வந்து, 'பேரனைத் திட்டினால் எனக்கா வலிக்கும்? தாராளமாகத் திட்டு அம்மிணி' என்று சொல்லிவிட்டார். அப்பத்தா மட்டும் இன்றுவரை 'சாமி'தான்.

இந்தப் பேச்சை ஏழாம் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். பிறந்த பிறகு தொடங்கினால் தாய்மாமன் ஒரு கட்சி, அத்தை ஒரு கட்சி என்று பிரிந்துவிடும். முடிவுக்கு வராத வீடுகளில் மூன்று நான்கு பெயர்களைச் சீட்டில் எழுதிக் கோயிலில் வைத்துச் சின்னக் குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். நல்ல வழிதான். எல்லாருக்கும் சம்மதமான பெயரை மட்டும் சீட்டில் எழுதுங்கள். வேண்டாத பெயரை மரியாதைக்காக எழுதினால் அதுதான் வரும்.

4. நட்சத்திர எழுத்தும் எண்கணிதமும்

நம்புகிறவர்கள் நம்பட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், ஆக 108 எழுத்து. இந்த எழுத்து வரிசை தமிழை மனதில் வைத்துப் போட்டதல்ல. என் மூத்தவன் திருவாதிரை மூன்றாம் பாதம். அதற்கு எழுத்து 'ங'. 'ங'வில் தொடங்கி என்ன பெயர் வைப்பது? ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டோம். பிறகுதான் அதே நட்சத்திரத்தின் வேறு பாத எழுத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று ஜோசியர் சொன்னார். முதல் நாளே சொல்லியிருக்கலாம். அசுவினியில் 'லா', பரணியில் 'லி, லு' வந்தவர்களுக்கும் இதே பாடுதான்.

ஜோசியருக்கு 500 ரூபாய் ஆயிற்று. வீண் என்று சொல்லமாட்டேன், பெரியவர்களுக்கு மனநிறைவு. எண்கணிதத்துக்குக் கொடுத்த 3,000 ரூபாய்தான் இன்றும் உறுத்துகிறது. கவின் என்ற அழகான பெயர், கூட்டுத்தொகை சரியில்லை என்று கவினேஷ் ஆயிற்று. ஆங்கிலத்தில் ஒரு 'ஈ' இரட்டித்தது, கடைசியில் தேவையில்லாமல் ஓர் 'எச்' ஒட்டிக்கொண்டது. ஆதார் எடுத்தபோது கணினியில் அடித்தவர் அந்த இரட்டை 'ஈ'யைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்து ஒன்றை நீக்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா? பார்க்கிற எவருக்கும் பிழை போலத்தான் தெரியும். எழுத்தைக் கூட்டியே ஆக வேண்டும் என்றால், யாரும் பிழை என்று நினைக்காத இடத்தில் கூட்டுங்கள்.

5. கத்திக் கூப்பிட்டுப் பாருங்கள்

பெயர் முடிவானதும் ஒரு வாரம் சோதியுங்கள். தோட்டத்துச் சாளை (தோட்டத்து வீடு) வாசலில் நின்று கிணற்றுமேட்டுக்குக் கேட்கும்படி கூப்பிடுங்கள். 'ஷ்', 'த்' என்று முடிகிற பெயர்கள் பாதி வழியிலேயே காற்றில் போய்விடும். சென்னீ, கதிரூ, வேலூ என்று நீட்ட முடிகிற பெயர் கட்டுத்தறியைத் தாண்டியும் போகும். அபார்ட்மெண்டில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். மூன்றாவது மாடியிலிருந்து கூப்பிடத்தானே வேண்டும்.

அடுத்து, மூன்றாம் வகுப்புப் பையனைப் போல யோசியுங்கள். பேகன் நல்ல பெயர், மயிலுக்குப் போர்வை தந்த வள்ளல், பழனி மலைப் பக்கத்தை ஆண்டவர். ஆனால் வகுப்பில் ஒரே நாளில் 'பேக்கு' ஆகிவிடும். அதைத் தாங்கும் துணிச்சல் உங்கள் வீட்டில் இருந்தால் வையுங்கள்.

முன்னெழுத்தையும் சேர்த்துப் படியுங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தகப்பன் நடராஜன், மகனுக்கு ரியான் என்று பெயர். பதிவேட்டில் 'ந. ரியான்'. புள்ளியை எந்தப் பிள்ளையாவது மதிக்குமா?

பக்கத்துப் பால்வாடியிலும் நர்சரி பள்ளியிலும் என்னென்ன பெயர் ஓடுகிறது என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. என் மகன் வகுப்பில் கவினில் தொடங்கும் பெயர் நான்கு.

6. பதிவு: 21 நாள்

பிறப்பு நடந்த ஊரில்தான் பதிவு, நீங்கள் குடியிருக்கும் ஊரில் அல்ல. அம்மா வீட்டுப் பிரசவம் என்றால் சான்றிதழும் அந்த ஊர்க் கணக்கில். மாநகராட்சி, நகராட்சி என்றால் சுகாதாரப் பிரிவு. பேரூராட்சியில் அதன் அலுவலகம். கிராமத்தில் வீட்டிலேயே பிறந்தால் கிராம நிர்வாக அலுவலர், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்தால் அங்குள்ள சுகாதார ஆய்வாளர். மருத்துவமனையில் பிறந்தால் விவரத்தை அவர்களே இணையவழியில் அனுப்பிவிடுவார்கள்.

21 நாளுக்குள் பதிவுக்குக் கட்டணம் இல்லை. அதன்பின் தாமதக் கட்டணம்; 30 நாள் தாண்டினால் மேலதிகாரியின் அனுமதி; ஒரு வருடம் தாண்டினால் வருவாய்த் துறை அலுவலரின் ஆணை வரை போக வேண்டியிருக்கும். மாநில அரசின் பிறப்பு இறப்புப் பதிவு இணையதளத்தில் சான்றிதழைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் சென்டரில் அச்செடுக்கிற காசுதான் செலவு. 'சீக்கிரம் வாங்கித் தருகிறேன், ஐந்நூறு கொடுங்கள்' என்று அலுவலக வாசலில் யாராவது வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

2023 அக்டோபர் 1 அன்றோ அதன் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான சான்று இந்தத் தாள்தான். முன்போல வேறு எதையாவது காட்டிச் சமாளிக்க முடியாது.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் முன், அவர்கள் அனுப்பப் போகும் விவரத்தை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். பெயரும் முடிவாகியிருந்தால் அப்போதே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்துவிடலாம். ஏழாம் மாதத்துக்குள் பெயரை முடியுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

7. பெயரில்லாமல் பதிவாகியிருந்தால்

குலதெய்வக் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்கார்த்தி மொட்டையடித்துக் காது குத்தும்போது பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று பல வீடுகளில் காத்திருப்பார்கள். நாங்களும் காத்திருந்தோம். கோயில் சடங்கு பாட்டுக்கு நடக்கட்டும், தாளில் பெயரை முன்பே ஏற்றிவிடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

பெயரில்லாப் பதிவில் 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு 15 வருடம் வரை 200 ரூபாய் தாமதக் கட்டணம். என்னிடம் கேட்டவை: பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழி, பெயரில்லாத சான்றிதழ், இருவர் ஆதார் நகல். இருவரும் நேரில் போய்விடுங்கள். மனைவி கையெழுத்தில்லாமல் போய் நான் ஒரு நாளைத் தொலைத்தேன்.

என் பெயரைத் திருத்துவதற்குத்தான் மீதி நாட்கள் போயின. மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம், திருமணச் சான்று, ஆதார் எல்லாம் கொண்டுபோக வேண்டியிருந்தது. சிறு எழுத்துப் பிழை என்றால் பதிவாளரிடம் திருத்தம் கேட்கலாம். ஒருமுறை ஏறிய பெயரையே முழுதாக மாற்றுவது வேறு கதை. சென்னையில் உள்ள எழுதுபொருள் அச்சுத் துறை வழியாக அரசிதழில் வெளியிட வேண்டும். அதன் பிறகும் பிறப்புச் சான்றிதழில் பழைய பெயரே நிற்கும், இரண்டையும் சேர்த்துக் காட்டிக்கொண்டு காலம் முழுக்க அலைய வேண்டியதுதான்.

8. ஆங்கில எழுத்து, ஆதார், பாஸ்போர்ட்

ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். இளஞ்சென்னிக்கு எங்களுக்கு ஒரு மாலை நேரம் முழுதும் ஆயிற்று: 'ள'வுக்கு ஒரு 'எல்'லா, 'ஞ்'க்கு 'என்' போதுமா, 'செ'வுக்கு 'எஸ்'ஸா 'சி எச்'சா. எது என்பது முக்கியமில்லை, ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். ழகரப் பெயர் வைப்பவர்கள் 'எல்', 'இசட் எச்' சண்டையை முதலிலேயே முடித்துவிடுங்கள். பள்ளியில் சேர்க்கும்போது என்ன ஏறுகிறதோ அதுதான் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வரை போகும்.

குழந்தை ஆதாருக்குக் கட்டணம் இல்லை. பிறப்புச் சான்றிதழும் பெற்றோர் ஒருவரின் ஆதாரும் போதும். ஐந்து வயதுக்குள் கைரேகை எடுக்கமாட்டார்கள், ஐந்திலும் பதினைந்திலும் புதுப்பிக்க வேண்டும். திரையில் பெயரைக் காட்டும்போது எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுவதே நம் வழக்கத்துக்குப் பொருந்தும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு ஒற்றைப் பெயரோடு எடுத்தால், ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல் சுற்றுலா விசாவுக்குச் சிக்கல் செய்கிறது. திருப்பூரில் ஏற்றுமதி வேலைக்காகத் துபாய் போய் வருகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

9. கையெழுத்துப் போடும் முன்

காலையில் போங்கள், மதிய உணவு நேரத்தை ஒட்டிப் போனால் அன்றைய பொழுது அங்கேயே கழியும். படிவத்தை இருவரும் தனித்தனியாகப் படியுங்கள், ஒருவர் தமிழை, ஒருவர் ஆங்கிலத்தை. பெயரை மட்டும் பார்த்துவிட்டு நிமிர்ந்துவிடாதீர்கள். சென்னியின் படிவத்தில் பெயர், தேதி, எங்கள் பெயர்கள் அத்தனையும் சரி, ள-ஞ் எல்லாம் அதனதன் இடத்தில். நான் பேனாவைத் திறந்துவிட்டேன். பாலினக் கட்டத்தில் 'பெண்' என்று இருந்ததை என் மனைவிதான் பார்த்தாள். ஐந்து நிமிடத்தில் அதே மேசையில் மாற்றிக் கொடுத்தார்கள்.